அரைநாள் காசு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் வலது காதும் தன் போக்கில் விசிலடித்துக்கொண்டு நலமாகவே இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்குகிற நேரத்தில் தூங்கி, அலுவலகத்தில் யாராவது கத்தினால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு அந்த வசதிகூட இல்லை, ஒரு காதில் வாங்கினால் மறு காது அதற்கு விசில் ஊதுகிறது. போன மாதம் நீ காதுக் கருவி வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிய பணத்தை நான் அப்படியே உனக்குத் திருப்பி அனுப்பியதில் உனக்கு வருத்தம் என்று அம்மா சொன்னாள். நீயாக எதுவும் சொல்லவில்லை. போனில் "சரிப்பா, சரிப்பா" என்கிறாய். நீ இரண்டு முறை "சரிப்பா" சொன்னால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம், இது நீ பள்ளிக்கூடத்துக்குப் பை தூக்கின காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல. மாடி வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார், தொட்டி வழிந்து நம் துணிக்கொடியில் விழுகிறது, கேட்டால் "அப்படியா சார், கவனிக்கலையே" என்கிறார். கவனிக்காதவர் அவர், நனைவது என் சட்டை. உன் சித்தப்பா நம் ஏணியை "ஒரு நாளைக்கு மட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனாரே, அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. நான் கேட்கப் போவதில்லை. அண்ணன் தம்பிக்குள் ஏணியைக் கேட்பது அசிங்கம் என்று அம்மா சொல்கிறாள், ஏணியை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது அசிங்கம் இல்லையா என்று நான் கேட்கிறேன், இருவரும் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. தினமும் சாயங்காலம் நடக்கிறாள், நடப்பதைவிட நிற்பது அதிகம், ஒவ்வொரு வாசலிலும் ஒரு பேச்சு.

காது மருத்துவமனை ஆய்வைப் பற்றி உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். என்னைப் போல் காதில் ஓயாமல் இரைச்சல் கேட்பவர்கள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க ஒரு சின்ன ஒலிப்பெட்டி வந்திருக்கிறது. அது உண்மையிலேயே உதவுகிறதா, வெறும் சத்தமா என்று பார்க்கப் போகிறார்கள். பெட்டியோடு படுக்கப் போகிறவர்கள் வேறு ஆட்கள். ஆய்வு தொடங்கும் முன்பே, நோயாளிகள் பக்கம் நின்று இது புரிகிறது, இது புரியவில்லை, இதை ஒருவரும் செய்ய மாட்டார்கள் என்று சொல்வதற்கு எங்கள் மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். "பொதுமக்கள் பங்களிப்பாளர்" என்று பெயர். நான் வைத்திருந்தால் இன்னும் சுருக்கமாக வைத்திருப்பேன். மற்ற இருவரில் ஒருவர் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே தையல்கடை வைத்திருக்கும் அம்மா, இளவயதில் மில்லில் தறிச் சத்தத்தில் நின்று காதைக் கெடுத்துக்கொண்டவர். இன்னொருவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர், அவரை எல்லோரும் "ஹாரன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் பேசினால் காரணம் தெரியும். கூட்டத்தை நடத்துவது ஒருங்கிணைப்பாளர் பெண், உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே பேனா மூடியைக் கடிக்கிறாள். அவளுக்கு மேலே ஒரு பெரிய டாக்டர், வந்து உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போவார்.

முதல் கூட்டத்தில், நோயாளிகளுக்குக் கொடுக்கப் போகும் விளக்கத் தாளை எங்கள் கையில் கொடுத்தார்கள். படித்தேன். தூக்கம் வராதவர்களுக்கு ஒலிப்பெட்டியே தேவையில்லை, அந்தத் தாளின் இரண்டாம் பக்கம் போதும் என்று சொன்னேன். ஹாரன் மேசையைத் தட்டிச் சிரித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்து மேய்ந்தேன். திருத்தியதை நான் வாசிக்க, தையல்கார அம்மா "இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று கூச்சமே இல்லாமல் கேட்பார், மறுபடி திருத்துவேன். புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தைரியம், நாங்கள் மற்றவர்கள் எல்லாம் தலையாட்டுகிற சாதி. நாங்கள் சொன்னதையெல்லாம் அந்தப் பெண் எழுதிக்கொண்டாள், யார் சொன்னது என்று பக்கத்தில் பேரும் போட்டாள். பாப்பா, உனக்குத் தெரியும், அகராதிப் பிரிவில் என் பாதி ஆயுள் போயிற்று. சொல் சொல்லாக நான் செதுக்கினேன், அச்சாகி வந்தபோது முன்னுரை எழுதியவர் பெயர் அட்டையில் கொட்டை எழுத்தில், என் பெயர் நன்றியுரையில்கூட இல்லை, "மற்றும் பலர்" என்பதில் நான் அந்தப் பலர். அந்த முன்னுரைக்காரரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அதனால் ஒரு சின்னப் பெண் என் பெயரைப் பக்கத்தில் போட்டு எழுதிக்கொண்டது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே பார்த்துக்கொள்.

கூட்டம் முடிந்ததும் அவள், "சார், கீழ டோக்கன் இருக்கு, மறக்காம வாங்கிட்டுப் போங்க" என்றாள். நானும் கீழே போனேன். வரிசை எண் கொடுக்கிற மெஷினில் பொத்தானை அமுக்கினேன், சீட்டு வந்தது, வாங்கிக்கொண்டு காதில் பஞ்சு வைத்தவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து என் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு இளம் டாக்டர், "என்ன தொந்தரவு?" என்றார். "தொந்தரவு ஒண்ணும் இல்ல, டோக்கன் வாங்கச் சொன்னாங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வந்தது வந்துவிட்டார் என்று விளக்கை அடித்துப் பார்த்து, அழுக்கு இருக்கிறது என்று இரண்டு காதையும் சுத்தம் செய்து அனுப்பினார். இதுவும் ஆய்வில் ஒரு பகுதி போலிருக்கிறது, ரொம்ப முறையாக நடத்துகிறார்களே என்று நான் மெச்சிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண், "போன தடவ டோக்கன் வாங்காமலே போயிட்டீங்களே சார்?" என்றாள். "வாங்கினேனேம்மா, காதுகூடச் சுத்தம் பண்ணிவிட்டாங்களே" என்றேன். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை, புரிந்ததும் சிரிப்பில் கூரை பிய்ந்துவிட்டது. ஹாரன், "அப்ப எங்களுக்கும் கவர் வேணாம்மா, அழுக்கு எடுத்து விடுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் ஒரு கவரை எடுத்துக் காட்டினாள். வந்துபோகிற நேரத்துக்காக ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தொகை, அதைத்தான் எல்லோரும் டோக்கன் என்கிறார்களாம். கவர் மேல் அச்சடித்திருந்தது: அடையாளத் தொகை. பாப்பா, அந்தச் சொல்லைச் செய்தவன் நான். அகராதியில் நான் போட்ட சொல். அந்தத் தொகை எதிரில் வந்து நின்றபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வாங்கியிருக்கலாம். உன் அப்பனுக்கு அது வருமா? எழுந்து நின்றேன். "நான் கூலிக்கு வரல. நாலு பேர் நல்லா தூங்கட்டும்னு வர்றேன். இதுக்கெல்லாம் விலை போடாதீங்க" என்றேன். பெரிய டாக்டர் "ரொம்பப் பெரிய மனசு சார்" என்று கை கூப்பினார். ஹாரன் தன் கவரை மேசை மேல் தள்ளிவிட்டு, "சார் சொல்றது நியாயந்தான், நமக்கு மட்டும் என்ன" என்றார். தையல்கார அம்மா தன்னுடையதை முன்பே பைக்குள் வைத்துவிட்டிருந்தார். பையின் ஜிப்பைத் திறந்து, எடுத்து, தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து, "எனக்கும் வேணாம்மா" என்றார். நான் கூட்டத்தின் தரத்தையே உயர்த்திவிட்டதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் சொன்னதும் அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "உங்களுக்குப் பென்ஷன் வருது. அவங்களுக்கு?" என்றாள். எல்லாவற்றிலும் காசைப் பார்க்காதே என்றேன். "காதைச் சுத்தம் பண்ணி என்ன, கேக்கவா போகுது" என்று அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

அதற்கடுத்த கூட்டத்துக்குத் தையல்கார அம்மா வரவில்லை. போனை எடுக்கவில்லை என்றாள் அந்தப் பெண். அவர் நாற்காலி காலியாக இருந்தது, பெரிய டாக்டர் அதில் தன் பையை வைத்தார், எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை. அன்று ஒரு பக்கம் முழுக்க என்னென்னவோ சொல் வந்தது, ஒருவரும் அர்த்தம் கேட்கவில்லை. ஹாரன் என்னைப் பார்த்தார், நான் தாளைப் பார்த்தேன், அப்படியே தாண்டிப் போய்விட்டது. சீக்கிரமே முடிந்துவிட்டதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஏதோ பிழை பார்க்காமல் அச்சுக்குப் போன மாதிரி வீடு வரைக்கும் உறுத்தியது.

ஒரு பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். இடுப்பைக் கொஞ்சம் விட வேண்டியிருந்தது, அது பொய்யில்லை. அந்தக் கடையில் இருவர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். காதிரைச்சலை அமுக்க ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு தைக்கிறார். என்னைப் பார்த்து, "வாங்க சார், தொப்பையா?" என்றார். அங்கேயே தையலைப் பிரித்து, விட்டு, திரும்ப ஓட்டிக் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன். "வேணாம் சார்" என்றார். அட, சொல்லுங்க என்றேன். "இதுல என்ன இருக்கு, ஒரு தையல். இதுக்கெல்லாம் விலை போடாதீங்க" என்றார். என் வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. நான் நோட்டை நீட்டியபடி நிற்கிறேன், அவர் மிஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறார், பின்னால் குடைக்கு நூல் போட வந்த ஒருவர் என் கையையே பார்க்கிறார். நீட்டிய கையை மடக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. கொடுக்க வந்தவனை இவ்வளவு சின்னவனாக ஆக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

குடைக்காரர் போனதும் ரேடியோவைக் குறைத்துவிட்டு அவரே பேசினார். "கோவத்துல சொல்லல சார். கூட்டத்துக்கு வர்ற அன்னிக்கு மதியத்துக்கு மேல கடைய சாத்தணும். போன தடவ ஒரு யூனிஃபார்ம் ஆர்டரு, நான் இல்லன்னு அடுத்த கடைக்குப் போயிடுச்சு. அந்தக் கவரு அதுக்கு ஈடில்ல. ஆனா வீட்ல எங்க போய்ட்டு வர்றேன்னு கேட்டா சொல்லிக்க ஒண்ணு இருந்துச்சு. நீங்க படிச்சவரு, எழுந்து நின்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் வாங்கினா, இவ காசுக்கு வந்தவன்னு ஆயிடாதா?" திரும்ப வாங்கம்மா, நீங்க இல்லாம அர்த்தம் கேட்க ஆளில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நீங்க வாங்குங்க, நான் வர்றேன். என் கண்ணு முன்னாடி வாங்கணும். நீங்க வாங்கினா இந்தப் பேண்ட் காசையும் நான் வாங்கிக்கறேன்" என்றார்.

மறுநாளே ஒருங்கிணைப்பாளர் பெண்ணிடம் போனேன். நான் ஒன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "எல்லார் முன்னாடியும் கவரை நீட்டினது எங்க தப்பு சார். வாங்கறதோ வேண்டாங்கறதோ, அவங்கவங்க தனியாச் சொல்ற மாதிரி வெச்சிருக்கணும்" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அந்தத் தொகைக்கு ஆய்வுச் செலவில் ஏற்கெனவே இடம் ஒதுக்கியாயிற்று, வாங்க ஆளில்லை என்று போனால் மேலே கையெழுத்துப் போடுகிறவர் அடுத்த ஆய்வில் அதை வெட்டிவிடுவார், அப்புறம் கடையைச் சாத்திவிட்டு வரக்கூடியவர்கள் யாரும் வர மாட்டார்கள், வேலைவெட்டி இல்லாத பென்ஷன்காரர்கள்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பரவாயில்லைம்மா, மேலே சொல்லு என்றேன்.

சென்ற வாரக் கூட்டத்துக்கு அந்த அம்மா வந்தார். பெரிய டாக்டர் தன் பையை எடுத்துக் கீழே வைத்தார். முதல் பேச்சே இதுதான். கூட்டம் தொடங்கும் முன்பே தனியாகக் கொடுத்துவிடுவது, பஸ் செலவு தனி, வேண்டாம் என்பவர் அந்தப் பெண்ணிடம் மட்டும் சொன்னால் போதும், காரணம் யாரும் கேட்கக் கூடாது என்று முடிவாயிற்று. பெரிய டாக்டர், சேவை மனப்பான்மை கெட்டுப்போகாதா என்று இழுத்தார். ஹாரன், "டாக்டர், இந்த ரூம்ல டீ கொண்டாந்தவருக்குக்கூட இன்னிக்கிச் சம்பளம் உண்டு. அவர் மனப்பான்மை கெட்டா போச்சு? டீ நல்லாத்தானே இருக்கு" என்றார். டாக்டர் டீயைப் பார்த்தார், எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு ஹாரனே, "அதென்ன சார் அடையாளத் தொகை? திருடனை அடையாளம் காட்டினா குடுப்பாங்களே, அதுவா?" என்று கேட்டார். அந்தச் சொல் நான் செய்தது என்று விளக்கினேன். அவர் வருத்தத்தோடு, "நீங்க செஞ்சதா? அப்ப சரி சார், இருந்துட்டுப் போகட்டும்" என்றார், ஏதோ ஊனமான பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல. தையல்கார அம்மா, "எனக்குப் போறது அரை நாளு. அரைநாள் காசுன்னு போடுங்களேன்" என்றார். டாக்டர், காசு வேண்டாம், தொகை என்றால் கௌரவமாக இருக்கும் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். எதற்கு, எவ்வளவுக்கு என்று இரண்டே சொல்லில் வந்துவிட்டது, என் சொல்லில் இரண்டுமே இல்லை. காசு என்றே இருக்கட்டும் என்றேன். ஒருங்கிணைப்பாளர் பெண் எழுதிக்கொண்டாள், பக்கத்தில் தையல்கார அம்மா பெயரைப் போட்டாள்.

தனியாகக் கொடுப்பது அடுத்த கூட்டத்திலிருந்துதான், இந்த ஒரு முறை மட்டும் தையல்கார அம்மா கேட்டபடி எல்லோர் முன்னாலும் வாங்கினேன். கவர் சட்டைப் பைக்குள் போகிற வரைக்கும் அந்த அம்மா கண்ணை எடுக்கவில்லை. ஹாரன், "எண்ணிப் பாத்துக்கங்க சார், பெரிய மனசுன்னு கழிச்சிருக்கப் போறாங்க" என்றார். எண்ணினேன், சரியாக இருந்தது. பிறகு அவர்கள் இருவரும் வாங்கினார்கள். வெளியே வந்து பேண்ட் காசைக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டு சில்லறையைத் திருப்பிக் கொடுத்தார், அதோடு அந்த விவகாரம் தீர்ந்தது. தாண்டிப் போன அந்தப் பக்கத்துக்கும் அவர் அர்த்தம் கேட்டு, நான் திருத்தி, விளக்கத் தாள் அச்சாகி வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில் எங்கள் மூன்று பேர் பெயரும் இருக்கிறது. அகர வரிசை, என் பெயர் கடைசி. அகர வரிசையை எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை, ஆயுள் முழுக்க அதற்குத்தானே உழைத்தேன். அரைநாள் காசில் முதல் செலவாகத் தபால்தலை வாங்கி முன்னுரைக்காரருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். உள்ளே ஒரு வரிகூட எழுதவில்லை, என் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு மட்டும். அம்மா இது அல்பம் என்கிறாள். அல்பம்தான். நன்றாக இருக்கிறது.

இப்போது உன் விஷயம். அந்தக் கடையில் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றபோது உன் ஞாபகம்தான் வந்தது. இதற்கு மேல் விளக்கி எழுத எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன். வங்கிக் கணக்கு எண் பழையதுதான், மாறவில்லை. முழுத் தொகையும் எதற்கு, பாதி அனுப்பினால் போதும் என்று இந்த இடத்தில் எழுத ஆரம்பித்தேன், அம்மா பின்னால் நின்று படித்துவிட்டு, "மறுபடியும் ஆரம்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அதனால் அடித்துவிட்டேன். உனக்குத் தோன்றியதை அனுப்பு. வாங்கிக்கொள்கிறேன். கருவி மாட்டிய பிறகும் மாடி வீட்டுக்காரர் குரல் மட்டும் கேட்காமல் இருக்க வழி உண்டா என்று டாக்டரிடம் விசாரிக்கிறேன்.

எங்கே இருந்தாலும் கை காலுக்கு வலுவும், செய்த வேலைக்கு உன் பெயரும் உனக்குக் கிடைக்கட்டும். அலுவலகத்திலிருந்து கட்டட வேலையைப் பார்வையிடப் போகும்போது தலைக்கவசம் இல்லாமல் நிற்காதே, கண்ணுக்கு வேலை அதிகம் கொடுக்காதே. உன் உழைப்புக்கு யாராவது ஏதாவது கொடுத்தால் உன் அப்பாவைப் போல எழுந்து நின்று வசனம் பேசாமல் வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னை இடது காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஞாபகப்படுத்து. பணம் அனுப்பியதைச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு "சரிப்பா" சொல். ஒன்று போதும், எனக்குப் புரிந்துவிடும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா